இடது பக்கம் 100% அடைப்பு, ஆபரேஷன் கிடையாது என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

4 மார்ச் 2024, காலை 9.12 (கேள்வி)

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 68 வயது. முப்பத்தஞ்சு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். போன மாதம் காலைப் பசியாறிக்கொண்டிருந்தபோது வலது கை மரத்து, பேச்சு குழறிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, இடது கழுத்து நரம்பு 100% அடைப்பு என்றார்கள். ஆபரேஷன் இல்லை, ஸ்டென்ட் இல்லை, மருந்து மட்டும் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு 80% அடைப்பு, அவருக்கு ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள். 80-க்குச் செய்கிறார்கள், 100-க்குச் செய்ய மாட்டார்களாம். தோட்டத்து ஆள் என்பதால் கைவிட்டுவிட்டார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 மார்ச், இரவு 10.05

கைவிடவில்லை தங்கச்சி. எனக்கும் இடது பக்கம் 100. ஆறு வருஷம் ஆச்சு. உட்கார்ந்து டைப் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

4 மார்ச், இரவு 10.48

மேலே எழுதியதை மறுபடி படித்தால் திமிராகத் தெரிகிறது. விளக்கமாகச் சொல்கிறேன். நான் தோட்டக் கிளினிக்கில் 27 வருஷம் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவன். டாக்டர் இல்லை.

80-க்குச் செய்து 100-க்கு ஏன் செய்வதில்லை என்ற அதே கேள்வியை நானும் கேட்டேன், மேசையைத் தட்டி. பதில் இதுதான். 80% அடைப்பில் ஆபத்து ரத்தம் குறைவதில் மட்டும் இல்லை. அந்தக் குறுகிய இடத்தில் கொழுப்பும் ரத்தக் கட்டியும் ஒட்டிக்கொண்டிருக்கும், ரத்தமோ அதைத் தாண்டி வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். எந்த நேரமும் ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போகலாம். ஆபரேஷன் அந்தக் குப்பையைச் சுரண்டி எடுப்பதற்குத்தான். 1991-ல் முடிவு வந்த வட அமெரிக்கப் பெரிய ஆய்வில், அறிகுறி காட்டிய 70 முதல் 99% அடைப்புக்காரர்களை எடுத்துப் பார்த்தார்கள். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் இரண்டு வருஷத்துக்குள் அதே பக்கம் ஸ்ட்ரோக் வந்தது 26 சதவீதம் பேருக்கு. ஆபரேஷன் செய்தவர்களில் 9. பக்கத்துக் கட்டில்காரருக்குத் தேதி கிடைத்தது இதனால்தான்.

முழுக்க மூடிய குழாயில் ஓட்டமே இல்லை. அடித்துக்கொண்டு போக அங்கே தண்ணீர் இல்லை. கட்டி பெரும்பாலும் கழுத்திலிருந்து மண்டைக்குள் வரைக்கும் நீண்டு உறைந்திருக்கும். அதைக் கிண்டப் போனால் அதுவே பிய்ந்து மேலே போகும். அதனால் தொடுவதில்லை. ஏழை பணக்காரன் கணக்கு இதில் கிடையாது. (மற்ற விஷயங்களில் உண்டா என்று கேட்காதீர்கள், இந்த இழை போதாது.)

5 மார்ச், மாலை 6.20

"அப்படியென்றால் மூளையின் இடது பாதி எதைக் குடித்து உயிரோடு இருக்கிறது?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சரியான கேள்வி.

பழைய லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தில் மேட்டில் இருந்த தொட்டியிலிருந்து இரண்டு பைப் இறங்கும். ஒன்று மேல் லயத்துக்கு, ஒன்று கீழ் லயத்துக்கு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் இரண்டையும் ஒரு குறுக்குப் பைப்பால் இணைத்திருந்தார்கள். எதற்கு இந்த வெட்டி வேலை என்று எல்லாரும் கேட்டோம். ஒரு நாள் மேல் பைப்பில் மரத்து வேர் புகுந்து அடைத்துக்கொண்டது. மேல் லயத்தில் தண்ணீர் நிற்கவில்லை, குறுக்கு வழியாக வந்தது.

மூளைக்கு அடியில் அப்படி ஒரு வளையம் இருக்கிறது. கழுத்தின் இரண்டு குழாய்களும் அதில் வந்து சேர்கின்றன. முன்பக்கம் இடதையும் வலதையும் இணைக்கும் ஒரு குட்டிக் குழாய், பின்பக்கம் இரண்டு. 1664-ல் இதை விரிவாக எழுதிய இங்கிலாந்து டாக்டர் தாமஸ் வில்லிஸ் பெயரில் வில்லிஸ் வளையம் என்கிறார்கள். அவர் அறுத்துப் பார்த்த ஒரு மனிதருக்கு ஒரு பக்கக் கழுத்துக் குழாய் முழுக்க அடைத்திருந்தது. ஆனால் அந்த ஆள் ஸ்ட்ரோக் வந்து சாகவில்லை, வேறு நோயில் போனவர். இணைப்பு எதற்கு என்பதை வில்லிஸ் அன்றைக்கே புரிந்துகொண்டார். தங்கச்சி, உங்கள் அப்பா கேஸ் 360 வருஷப் பழசு.

5 மார்ச், மாலை 6.51

திருத்தம். தொட்டியிலிருந்து இரண்டு பைப் என்று எழுதினேன். மூளைக்கு நான்கு. கழுத்தின் முன்பக்கம் இரண்டு, முதுகெலும்பை ஒட்டி ஏறும் சின்னக் குழாய்கள் இரண்டு. முன் இரண்டும் சேர்ந்து சுமார் 80% ரத்தத்தைக் கொண்டுபோகும், பின் இரண்டும் மீதி 20. மொத்தம் நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர் அளவில். ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் போத்தலில் பாதி, ஒவ்வொரு நிமிஷமும். உடம்பு எடையில் 2% உள்ள உறுப்புக்கு இவ்வளவு தீனி. ஒரு முன் குழாய் மூடினால் சுமார் 300 மில்லி துண்டாகிறது. அதை மற்ற மூன்றும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

7 மார்ச், இரவு 11.30

தூக்கம் வரவில்லை. என் கதையைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்க வேண்டாம்.

2018. வேலையிலிருந்து நின்று சில மாதம். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு எழுந்தால் வலது கை ஆடும். நடுக்கம் மாதிரி இல்லை. யாரோ முழங்கையைப் பிடித்து உலுக்குவது போல, அரை நிமிஷம். உட்கார்ந்தால் நின்றுவிடும். முகம் கோணவில்லை, நினைவு தப்பவில்லை. 27 வருஷம் அடுத்தவனுக்குப் பிளட் பிரஷர் பார்த்த நான் என்ன செய்தேன்? சீனி குறைந்துவிட்டது என்று மைலோ (இனிப்புச் சாக்லேட் பானம்) குடித்தேன். இரண்டு வாரம் மைலோ. கோப்பையை வலது கையில் பிடித்துக்கொண்டு எழுந்தபோது அது வெள்ளைச் சட்டை பூராவும் கொட்டியது. அன்றைக்குத்தான் பெண்சாதி கத்தினாள். என் மாமியார் அதற்குள் சாமி ஆடுகிறது என்று திருநீறு பூசி முடித்திருந்தார். காக்காய் வலிப்பு என்று மச்சான் சாவிக்கொத்தை என் கையில் திணித்தான்.

டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரப் பிள்ளை. எழச் சொன்னாள், பார்த்தாள், மறுபடி உட்காரச் சொன்னாள். வலிப்பு மருந்து எழுதவில்லை. நேராகக் கழுத்து ஸ்கேனுக்கு அனுப்பினாள். எழுந்ததும் அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது, இடது மூளைக்கு ஏற்கெனவே மட்டுமட்டாகத்தான் ரத்தம், இறங்கியதும் போதவில்லை, அது ஆளும் வலது கை உதறுகிறது. இதைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு நான் இன்னும் தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

8 மார்ச், காலை 7.15

சின்ன விஷயம். எல்லாரும் நரம்பு அடைப்பு, நரம்பு அடைப்பு என்று எழுதுகிறீர்கள். நரம்பு வேறு, ரத்தக் குழாய் வேறு. கிளினிக்கில் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை போனது. நம் ஆட்களுக்கு உடம்பில் நீளமாக எது இருந்தாலும் நரம்புதான்.

இன்னொன்று. மலாயில் ஸ்ட்ரோக்கை அங்கின் அஹ்மார் என்பார்கள், சிவப்புக் காற்று. நாம் பக்கவாதம் என்கிறோம், வாதமும் காற்றுதான். இரண்டு ஜனமும் காற்றின் மேல் பழி போட்டுவிட்டு சிகரெட்டை விடவில்லை. நான் உட்பட, 2018 வரை.

10 மார்ச், மதியம் 3.40

தங்கச்சி கேட்டது: "அப்பாவுக்கு ரத்த ஓட்டம் திரும்ப வருமா, எவ்வளவு நாளில்?"

இதை மூன்று அடுக்காகத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

முதல் அடுக்கு உடனே நடப்பது. குழாய் மூடிய அந்தப் பக்கம் அழுத்தம் விழுகிறது. அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து வளையம் வழியாக ரத்தம் தானாகச் சாய்கிறது. நொடிக் கணக்கு. யாருக்கு வளையம் முழுசாக இருக்கிறதோ அவர்கள் அதிர்ஷ்டசாலி. பாதிப் பேருக்குக்கூடப் புத்தகத்தில் வரைந்த மாதிரி முழு வளையம் இல்லை. ஒருவருக்கு ஒரு துண்டு இருக்காது, இன்னொருவருக்கு நூல் போல இருக்கும். ஒரே 100% அடைப்பில் ஒருவர் கடைக்கு நடந்து போகிறார், ஒருவர் படுக்கையில் விழுகிறார் என்றால் முக்கியக் காரணம் இதுதான். அடைப்பு மெல்ல மெல்ல வந்ததா, ஒரே நாளில் வந்ததா என்பதும் கணக்கு. மெல்ல வந்தால் மாற்று வழிக்கு அவகாசம் கிடைக்கும்.

வளையம் போதாவிட்டால் கொல்லைப்புற வழி. முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகும் குழாய் வேறு கிளை, அடைத்த கிளை இல்லை, அது பெரும்பாலும் திறந்திருக்கும். அங்கிருந்து ரத்தம் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் குழாயில் தலைகீழாக ஓடி மூளைக்குள் நுழையும். என் ஸ்கேனில் அதைக் காட்டினார்கள். எப்போதும் ஒரு நிறத்தில் தெரியவேண்டிய ஓட்டம் எதிர் நிறத்தில். ஒருவழிப் பாதையில் லோரி எதிர்த்திசையில் வருகிற மாதிரி.

இரண்டாவது அடுக்கு, மூளைக்குள் உள்ள பொடிக் குழாய்கள் தாமாக விரிந்துகொடுப்பது. அழுத்தம் குறைந்தாலும் ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். இதுதான் கையிருப்பு. எல்லாம் விரிந்து முடிந்த பிறகும் போதாவிட்டால், வந்த ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை அதிகம் பிழிந்தெடுக்கும். சாதாரணமாக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எடுக்கிற மூளை, அந்த நிலையில் அதைவிட நிறைய எடுக்கும். அதுவும் தீர்ந்தால் கை உதறும், பேச்சு குழறும்.

எண்ணில் சொன்னால், 100 கிராம் மூளைக்கு நிமிஷத்துக்கு 50 மில்லி போல வழக்கம். 20-க்குக் கீழே போனால் வேலை நின்றுவிடும், ஆனால் உயிர் இருக்கும். 10-க்குக் கீழே போனால் கொஞ்ச நேரத்தில் சாகும். உங்கள் அப்பாவுக்கு இரண்டு மணி நேரத்தில் பேச்சு திரும்பியது என்றால், அந்த இடம் வேலையை நிறுத்தியதே தவிரச் சாகவில்லை.

மூன்றாவது அடுக்கு மெதுவானது. மாற்று வழியில் ஓட்டம் கூடக்கூட, குழாய்ச் சுவரை ரத்தம் உரசும் வேகமே அதை வளரச் சொல்லும். வாரங்கள், மாதங்கள். இங்கேதான் என் பைப் உவமை படுத்துவிடுகிறது. அரை அங்குலப் பைப் சாகும்வரை அரை அங்குலம்தான். ரத்தக் குழாய் தடித்து அகலமாகும். அதனால் உவமையை மாற்றுகிறேன். செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் பெரிய ரோடு உடைந்தால் டிராக்டர் மர நிரைக்குள் புகுந்து போகும். முதல் நாள் புல் சாயும். மாதக்கணக்கில் போனால் அதுவே ரோடாகிவிடும்.

மூடிய குழாய் மட்டும் பெரும்பாலும் மூடியேதான் கிடக்கும். திரும்பி வருவது ஓட்டம், குழாய் இல்லை. அடுத்த ஸ்கேனிலும் 100 என்று வந்தால் அழாதீர்கள்.

13 மார்ச், இரவு 9.10

அரசாங்க ஆஸ்பத்திரி நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கட்டி, எல்லா மருந்தும் வாங்கி வந்தேன். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை. ஒருவரும் சொல்லாத ஒன்று, நான் விழுந்து கற்றுக்கொண்டது: பிரஷர் திடீரென்று இறங்கக்கூடாது.

வீட்டில் பார்த்தேன், 160 காட்டியது. டிரெசர் புத்தி. இன்னொரு மாத்திரை போட்டேன். சாயங்காலம் வெந்நீரில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நிமிர்ந்தேன், கை உதறியது, அடுத்து தெரிந்தது வாளியும் நானும் ஒரே மட்டத்தில். இடது புருவத்தில் நான்கு தையல். மாற்று வழி மேட்டு நிலத்துக்குப் போகிற தண்ணீர் மாதிரி. தொட்டியில் மட்டம் இறங்கினால் கடைசி வீட்டுக் குழாய்தான் முதலில் சொட்டும். (பைப் உவமை திரும்பி வந்துவிட்டது, மன்னிக்கவும்.)

வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, வயிற்றுப்போக்கு, சூடான குளியல், வயிறு நிறையச் சாப்பிட்டுச் சட்டென எழுவது, எல்லாம் இதே கணக்குத்தான்.

14 மார்ச், காலை 6.02

ஐயோ. நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் தன் அம்மாவின் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டதாகத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். அக்கா, உடனே டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் சொன்னது நானாக ஒரு மாத்திரை கூட்டியது தப்பு என்று. குறைப்பதும் அதே தப்புதான். நாள்பட நாள்பட பிரஷர் கட்டுக்குள் இருந்தால்தான் மிச்சமுள்ள மூன்று குழாயும் பிழைக்கும். எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை முடிவு செய்வது அவர்கள். என் எழுத்தை மருந்துச் சீட்டாக எடுக்காதீர்கள். எடுத்தால் இழையை மூடச் சொல்லிவிடுவேன்.

14 மார்ச், காலை 11.45

அக்கா மாத்திரையைத் திரும்பக் கொடுத்துவிட்டாராம். என் பிரஷர்தான் இன்னும் இறங்கவில்லை.

17 மார்ச், மாலை 5.00

"தனியார் ஆஸ்பத்திரியில் பைபாஸ் செய்கிறார்களாமே, காசு இருந்தால் நடக்குமா?"

நானும் போனேன். ஈபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, தனியார் இடம் ஒன்றில் ஸ்கேனை மறுபடி எடுத்தேன். அங்கே ஒரு மணி நேரம் காக்க வைத்து, ஐந்து நிமிஷத்தில் அதே பதில். பில்லைப் பார்த்தபோது கை உதறியது, அதற்கு வேறு காரணம்.

அந்தப் பைபாஸ் உண்மையான ஆபரேஷன்தான். தலைத்தோல் குழாயை எடுத்து, மண்டையில் துளை போட்டு, மூளையின் மேற்பரப்புக் குழாயோடு தைப்பார்கள். 1967-ல் சூரிக்கில் யாசர்கில் என்ற அறுவை நிபுணர் முதலில் செய்தார். கேட்கும்போது இதைவிட நியாயமான யோசனை இல்லை. 1,377 பேரை வைத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1985-ல் வந்தது, பலன் இல்லை. ஆளைச் சரியாகப் பொறுக்கவில்லை என்று சிலர் வாதாடினார்கள். சரி என்று, ஆக்சிஜன் பிழிந்தெடுக்கும் நிலைக்கு வந்துவிட்ட, கையிருப்பு தீர்ந்தவர்களை மட்டும் பொறுக்கி மறுபடி பார்த்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. இரண்டு வருஷத்தில் ஸ்ட்ரோக், ஆபரேஷன் செய்தவர்களில் 21, செய்யாதவர்களில் 22.7 சதவீதம். ஆனால் முதல் 30 நாளில் ஆபரேஷன் பக்கம் 14.4, மருந்துப் பக்கம் 2. தைத்த குழாயில் ரத்தம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஆபரேஷனை ஒட்டிய நாட்களிலேயே சிலருக்கு ஸ்ட்ரோக் வந்துவிட்டது. மருந்து மட்டும் எடுத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட மிக நன்றாக இருந்தார்கள்.

தங்கச்சி, 22 சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவர்கள் மோசமானவர்களில் மோசமானவர்களாகப் பொறுக்கி எடுத்தவர்கள். அப்பா அந்த வகையா என்பது நமக்குத் தெரியாது, டாக்டரிடம் கேளுங்கள்.

18 மார்ச், மதியம் 1.20

உருட் (மலாய் மசாஜ்) போட்டால் அடைப்பு கரையுமா என்று கேட்டவருக்கு: கரையாது. கழுத்தைத் தடவவும் விடாதீர்கள். அங்கே ஒரு இடத்தை அழுத்தினாலே சிலருக்கு நாடியும் பிரஷரும் விழும். முடிவெட்டும் கடையில் இலவசமாகக் கழுத்தை நொடிப்பார்களே, அதில் குழாயின் உள்சுவர் கிழிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் போகும் கடைக்காரர் இன்னும் கை வைக்கப் பார்க்கிறார். "அண்ணே, முடி மட்டும்" என்று உட்காரும்போதே சொல்லிவிடுவேன்.

24 மார்ச், இரவு 8.35

முதல் நாள் "உட்கார்ந்து டைப் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று பெரிய ஆள் மாதிரி எழுதினேன். பெண்சாதி இன்று தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஒரு பத்தி எழுத எவ்வளவு நேரம் ஆச்சுன்னு சொல்லுங்க."

முக்கால் மணி நேரம். சொல்லிவிட்டேன். முன்பு மாத மருந்துக் கணக்கைப் பேசிக்கொண்டே கூட்டுவேன். இப்போது ரேடியோவை அணைத்தால்தான் கூட்ட முடிகிறது. தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மாட்டேன் என்கிறது. கோப்பிக்கு இரண்டு தடவை சீனி போட்டிருக்கிறேன். வயசா, அடைப்பா? என் டாக்டர் இரண்டும் இருக்கலாம் என்றார். மூளை சாகாத அளவுக்கு ரத்தம் வருவது வேறு, பழைய வேகத்துக்கு வருவது வேறு. கை உதறல் நின்று நான்கு வருஷம் ஆகிறது, அதாவது இரண்டு வருஷம் எடுத்தது. 10-ஆம் தேதி "வாரங்கள், மாதங்கள்" என்று எழுதினேனே, என் விஷயத்தில் மாதங்கள் என்பது இருபத்திநாலு. அப்பா முன்பு போல் இல்லையே என்று அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். என்னைத் திட்டினார்கள்.

24 மார்ச், இரவு 8.50

மறந்துவிட்டேன். (பார்த்தீர்களா.) முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால், ஒரு கண்ணில் திரை இறங்கினது போல் இருட்டினால், சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம், 999-ஐக் கூப்பிடுங்கள். கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். தோட்டத்திலிருந்து டவுனுக்கு லோரி கிடைக்கவே சில நாள் ஒரு மணி நேரம் போகும். மைலோ குடிக்காதீர்கள்.

2 ஏப்ரல், காலை 8.10

தங்கச்சி எழுதியிருக்கிறார்: மறு ஸ்கேன், இடது பக்கம் 100-தான், வலது பக்கம் பரவாயில்லை, வருஷம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சிகரெட் நின்றது, சண்டையோடு. ஒரே பிரச்சினை, அப்பா இன்னமும் விடிகாலை நாலரைக்குப் பெரட்டு மணி (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் மணி) அடித்த மாதிரி துள்ளி எழுகிறாராம். தோட்டத்தை விட்டுப் பத்து வருஷமாயிற்று, உடம்பு விடவில்லை. எழுந்ததும் தலை சுற்றுகிறது.

கட்டில் விளிம்பில் மூன்று நிமிஷம் காலைத் தொங்கப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீர். பிறகு எழட்டும். டாக்டரிடமும் தலை சுற்றலைச் சொல்லுங்கள்.

9 ஏப்ரல், இரவு 9.25

மூன்று நிமிஷம் உட்கார்கிறாராம். கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தன் பழைய நிரையில் முதல் மரத்திலிருந்து எண்ணுகிறார், எந்த மரம் சாய்ந்தது, எதில் பால் பிடிக்கும் மங்கு உடைந்தது என்று முணுமுணுத்துக்கொண்டே. நேற்று அறுபதாவது மரத்தில் எழுந்தாராம். தலை சுற்றவில்லை.